பட்டாணியின் தலைக்கு ஒரு குல்லா

அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவை மிஷின்களுக்குப் பக்கத்து அறையில், பதினாலு வருஷமாகத் தைத்துக்கொண்டிருந்தவளை எல்லாரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் எந்நேரமும் ஒரு அளவு டேப் தொங்கும். "டாக்டருங்க கழுத்துல ஸ்டெதஸ்கோப்பு, நம்ம அக்கா கழுத்துல டேப்பு. யார் பெரிய டாக்டர்னே தெரியல" என்று சலவைக்காரர் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார்.

உண்மையில் அந்த டேப்புக்கு அங்கே வேலையே கிடையாது. படுக்கை விரிப்பு எல்லாம் ஒரே அளவு. தலையணை உறை ஒரே அளவு. ஆபரேஷன் அங்கி மூன்று அளவு, அதுவும் அட்டையில் வெட்டி ஆணியில் மாட்டியிருக்கும். வருகிற வேலையில் முக்கால்வாசி கிழிசல். ஓரம் பிரிந்ததை மடித்து அடிப்பது, ஓட்டைக்கு ஒட்டுப் போடுவது, எந்த வார்டு என்று சிவப்பு நூலில் குறி போடுவது. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். சில நாள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்தாள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவள் ஒரு தையற்கடையில் இருந்தவள். ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கினவர்கள், வயிறு முந்திக்கொண்டு நடப்பவர்கள், கூன் விழுந்தவர்கள் எல்லாரும் அவளைத் தேடி வருவார்கள். அவள் தைத்ததைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் உடம்பு நேராகத் தெரியும். ரெடிமேடு வந்தது, கடை படுத்தது. வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டிக் கொண்டுவருவது பாதி மாதத்துக்குத்தான் காணும் என்றிருந்த சமயத்தில் இந்த வேலை கிடைத்தது. நிரந்தர வேலை, நாலு மணிக்கு வீடு. குறை சொல்ல ஒன்றுமில்லை, அவளும் சொன்னதில்லை. ஆனால் ஆளைப் பார்த்து ஒரு துணியை வெட்டிப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது.

அப்படி இருக்கையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, நாலாவது மாடியிலிருந்து ஒரு நர்ஸ் இறங்கி வந்தாள். நாலாவது மாடி என்றால் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. வந்தவள் ஆள் சிறுசு. மாடியில் அவளுக்குச் சின்ன சிஸ்டர் என்று பேர். கையில் ஒரு வெள்ளைக் குல்லா வைத்திருந்தாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் பிடிச்சுத் தர்றீங்களா? அவசரம்."

"யாருக்கு?"

"ஒன்னேகால் வயசுப் பாப்பாவுக்கு. இந்தக் குல்லா மூணு சைஸ்லதான் வருது. சின்னது தலையில ஏறவே மாட்டேங்குது. இது கண்ணு வரைக்கும் இறங்கிடுது."

"எவ்வளவு பிடிக்கணும்?"

சின்ன சிஸ்டர் இரண்டு விரலை விரித்து "இவ்வளவு" என்றாள். திரும்பக் கேட்டபோது அந்த "இவ்வளவு" ஒரு விரல்கடை கூடியிருந்தது.

டேப் அக்கா மிஷினை நிறுத்தினாள். "தலையைப் பாக்காம குல்லா எப்படிம்மா தைக்கிறது? நட, நானே வரேன்."

சின்ன சிஸ்டர் போனில் அந்தப் பிரிவின் பெரிய டாக்டரம்மாவிடம் கேட்டாள். கையை நன்றாகக் கழுவிவிட்டு வரச்சொல்லு என்று பதில் வந்தது.

லிஃப்டில் போகும்போதே சின்ன சிஸ்டர் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். பாப்பாவுக்கு நிமோனியா. தொண்டைக்குள் குழாய் விட்டு ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்தது. நேற்றுக் காலையில் குழாயை எடுத்தார்கள். எடுத்ததும் மூக்கில் மெல்லிய குழல்கள் வைத்து, வெதுவெதுப்பான ஈரக்காற்றை வேகமாக விட்டுப் பார்த்தார்கள். சில பிள்ளைகளுக்கு அது போதும். இதற்குப் போதவில்லை. சாயங்காலமே பாப்பா களைத்துவிட்டது.

"அதனால சிபாப்னு ஒரு மிஷின் போட்டிருக்கோம். மூக்கு மேல ஒரு மாஸ்க். அதுலேர்ந்து காத்து விடாம உள்ள தள்ளிக்கிட்டே இருக்கும். மூச்சை வெளிய விட்டாலும் நுரையீரல் சுருங்கி ஒட்டிப் போகாது. அடுத்த மூச்சு இழுக்கக் கஷ்டப்பட வேணாம்."

"சரி. குல்லா எதுக்கு?"

"அந்த மாஸ்க்கைப் பிடிச்சு நிறுத்துறதே குல்லாதான். குல்லா நழுவினா மாஸ்க் நழுவும், காத்து எல்லாம் வெளிய போயிடும், அலாரம் அடிக்கும். இறுக்கிக் கட்டினா மூக்குத் தண்டு புண்ணாகுது. காலையிலேர்ந்து நான் கையாலயே பிடிச்சிட்டு நின்னேன் அக்கா."

"மாஸ்க் நிக்கலன்னா?"

"திரும்பவும் தொண்டையில குழாய் விடணும்" என்றாள் சின்ன சிஸ்டர்.

மாடியில் அவளுக்கு ஒரு பச்சை அங்கி கொடுத்தார்கள். போட்டுக்கொள்ளும்போது கைப்பக்கத்து ஓரத்தைப் பார்த்தாள். அவள் அடித்த தையல். இத்தனை வருஷம் தைத்துத் தள்ளியும் அந்த அங்கியை ஒருநாளும் அவள் போட்டதில்லை. அக்குள் பக்கம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் வெட்டியிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆறு கட்டில் உள்ள பெரிய அறை. ஜன்னலோரக் கட்டிலில் பாப்பா கிடந்தது. உருண்டை முகம், உருண்டை வயிறு, அதனால் வீட்டில் பட்டாணி என்று கூப்பிடுவார்களாம். ஒன்பது நாளில் பட்டாணி வற்றிப்போயிருந்தது. பக்கத்து ஸ்டூலில் அதன் அம்மா, ஒரு பேக்கரியில் ரொட்டி அடுக்குகிறவள், பிள்ளையின் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பின் மற்ற இடமெல்லாம் வயரும் குழாயுமாக இருக்க, அவளுக்கென்று மிஞ்சியது அந்தக் கால்தான்.

டேப் அக்கா பார்த்தது பட்டாணியின் நெஞ்சை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. தொண்டைக்குழி பள்ளம் விழுந்தது. சின்னத் தையல் மிஷினில் முரட்டுத் துணி மாட்டிக்கொண்டால் மோட்டார் திணறுமே, அந்த மாதிரி அந்தக் குட்டி உடம்பு முழுசும் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"நீங்க டாக்டரா?" என்று அம்மா எழுந்தாள்.

"இல்லம்மா, தையல்காரி."

அம்மாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "நல்லவேளை" என்றாள். "டாக்டர் வந்தாலே எனக்குப் பயமா இருக்கு. உக்காருங்க."

டேப்பை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் கொடுத்தார்கள். நெற்றியைச் சுற்றி ஒரு அளவு. ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறுகாதுக்கு ஒன்று. புருவத்திலிருந்து பிடரிக்கு ஒன்று. தொடுவதற்கே தயங்கினவள், இரண்டாவது அளவில் பழைய கைக்குத் திரும்பிவிட்டாள். மூன்றாவது முடிவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. பட்டாணிக்குத் தலை பக்கவாட்டில் அகலம், உச்சி தட்டை, பிடரியில் ஒரு புடைப்பு. கம்பெனிக்காரன் உலகத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் பந்து மாதிரித் தலை என்று நினைத்துத் தைத்திருக்கிறான்.

"தலை தப்பில்ல, குல்லாதான் தப்பு" என்று அம்மாவிடம் சொன்னாள். காலையிலிருந்து அங்கே வந்தவர்கள் எல்லாரும் பிள்ளையிடம் இருக்கிற ஏதோ ஒரு தப்பைப் பற்றித்தான் பேசியிருந்தார்கள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

கீழே வந்ததும் துணிக்கு எங்கே போவது என்று பார்த்தாள். குழந்தைகள் வார்டுக்கென்று வந்த புது பனியன்கள் அலமாரியில் இருந்தன. மெத்தென்ற துணி, நன்றாக இழுத்துக்கொடுக்கும். ஒன்றை எடுத்துக் கொதிநீரில் அலசி, இஸ்திரி போட்டுக் காயவைத்துக் கத்தரித்தாள். பழைய குல்லாவிலிருந்து, மாஸ்க் வார்களை ஒட்டிப் பிடிக்கிற வெல்க்ரோவைப் பிரித்துப் புதியதில் வைத்தாள். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. சின்ன சிஸ்டர் வாங்கிக்கொண்டு படியிலேயே ஓடினாள். லிஃப்டுக்கு நிற்கப் பொறுமையில்லை.

ஒரு மணி நேரம் கழித்து போன் வந்தது. "அக்கா, சூப்பர். காத்து ஒழுகவே இல்ல. ஆனா..."

அந்த "ஆனா"வுக்கு மேல் கேட்க டேப் அக்கா நிற்கவில்லை. மேலே போனாள். மாஸ்க் அசையாமல் நின்றது உண்மைதான். ஆனால் காதுக்குப் பின்னால் தையல் விழுந்த இடத்தில் பிள்ளைக்குச் சிவப்பாக ஒரு கோடு. பட்டாணி தூக்கத்திலேயே அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. தையலைத் தோலில் படுகிற பக்கம் விட்டிருந்தாள், அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. முதல் வருஷம் தையல் பழகுகிறவள்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டாள். போர்வைக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்று யோசிக்கவே தேவையில்லாமல் போனதில் வந்த வினை.

"மன்னிச்சிருங்க டாக்டரம்மா. என் கவனக்குறைவு."

பெரிய டாக்டரம்மா மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எதுக்கு மன்னிப்பு? ஒரு மணி நேரம் இந்தப் பிள்ளை நல்லா மூச்சு விட்டிருக்கு. நெஞ்சைப் பாருங்க." பார்த்தாள். தோல் உள்ளே போவது பாதியாகக் குறைந்திருந்தது. "கோட்டை மட்டும் சரி பண்ணுங்க. முடியுமா?"

"இருபது நிமிஷம் குடுங்க."

இந்த முறை தையலையெல்லாம் வெளிப்பக்கம் வருகிற மாதிரித் திருப்பிப் போட்டாள். தலையைத் தொடுகிற பக்கம் வழவழவென்று இருந்தது. வெல்க்ரோவின் முள் ஓரங்களைத் துணிக்குள் மடித்து மறைத்தாள். காதுக்கு நேராக இரண்டு ஜன்னல் விட்டாள். உச்சியைத் திறந்து நாடா வைத்தாள். நர்ஸுகள் குல்லாவைக் கழற்றாமலே தலையைப் பார்க்கலாம். பார்க்க அழகாக இல்லை, பிரித்துப்போட்ட மூட்டை மாதிரி இருந்தது. சலவைக்காரர் எட்டிப் பார்த்து, "உள்ளது வெளியே இருக்கே, அக்கா. தூக்கக் கலக்கமா?" என்றார்.

"இது அப்படித்தான். நீங்க போய் உங்க வேலையைப் பாருங்க" என்றாள். பதினாலு வருஷத்தில் அவரிடம் அப்படி அதட்டிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் உண்மையிலேயே போய்விட்டார்.

இரண்டாவது குல்லா உட்கார்ந்தது. அலாரம் ஓய்ந்தது. சின்ன சிஸ்டர் காலையிலிருந்து மடக்கியே வைத்திருந்த விரல்களை நீட்டி நீட்டி மடக்கினாள். பட்டாணி தூங்கியது, களைத்துப்போய் மயங்குகிற தூக்கமில்லை, வாய் ஓரத்தில் எச்சில் வழிகிற அசல் தூக்கம். அம்மா ஸ்டூலிலேயே தலையைக் கட்டிலில் சாய்த்துத் தூங்கிவிட்டாள், காலைப் பிடித்த கையை விடாமல்.

அன்றைக்கு வெளியே வரும்போது மணி ஐந்தேகால். வீட்டுக்காரர் வாசலில் வேனில் காத்திருந்தார்.

"ஒரு மணி நேரமா நிக்கிறேன். என்னத்தைத் தச்ச?"

"ஒரு குல்லா."

"ஒரு குல்லாவுக்கா இவ்வளவு நேரம்?"

"ரெண்டு" என்றாள். அப்புறம் வழி முழுக்க அவள் பேசினாள். வழக்கமாக அந்த வேனில் பேசுகிறவர் அவர்தான். அன்றைக்கு இரண்டு சிக்னலில் பச்சை விழுந்ததுகூடத் தெரியாமல் அவர் கேட்டுக்கொண்டிருந்தார், பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தார்.

மறுநாள் ஸ்டோர்காரர் வந்து நின்றார். வார்டு பனியனை யார் வெட்டச் சொன்னது, குல்லா என்பது தையல் அறைப் பட்டியலிலேயே இல்லையே என்று கேட்டார். அவரும் கெட்டவர் இல்லை. கணக்கில் ஒரு பனியன் குறைந்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். டேப் அக்கா அங்கேயே எழுதினாள். பொருள் என்ற இடத்தில் "குல்லா" என்று போட்டாள். காரணம் என்ற இடத்தில் "மூச்சு விட" என்று போட்டாள். அவர் அதை இரண்டு தடவை படித்தார். அப்புறம் பெரிய டாக்டரம்மாவிடம் கையெழுத்து வாங்கப் போனார். சாயங்காலம் அரை கட்டு பனியன் துணியும் ஒரு சுருள் வெல்க்ரோவும் வந்து இறங்கின.

பட்டாணி நாலு நாள் அந்த மிஷினில் இருந்தது. முதலில் காற்றின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் எடுத்துப் பார்த்தார்கள், அப்புறம் மூன்று மணி நேரம். சனிக்கிழமை காலையில் மாஸ்க்கையே எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவளுக்கு வேலை அரை நாள்தான். கிளம்பும் முன் மேலே போய் எட்டிப் பார்த்தாள். மூக்கின் மேல் ஒரு மங்கலான தடம் மட்டும் இருந்தது, புண் இல்லை. பட்டாணி அவளைப் பார்த்ததும் ஓவென்று அழுதது. குழாய் கிடந்த தொண்டை, அதனால் குரல் கரகரத்தது.

"பாருங்க, உங்களையே தெரியல கழுதைக்கு" என்று அம்மா சங்கடப்பட்டாள்.

"அழட்டும். சத்தம் வருதில்ல" என்றார் பெரிய டாக்டரம்மா, பக்கத்துக் கட்டிலிலிருந்து.

அதோடு விடவில்லை டேப் அக்கா. பட்டாணிக்கு ஒரு தலை என்றால் மற்ற பிள்ளைகளுக்கு எத்தனை விதத் தலை இருக்கும் என்று மண்டையைக் குடைந்தது. அவசரமாக வருகிற பிள்ளைக்கு அளவெடுத்துத் தைக்க முக்கால் மணி நேரம் காத்திருக்க முடியாது. முன்கூட்டியே பல அளவில் தயாராக இருக்க வேண்டும். அதற்குத் தலைகள் வேண்டும். தலைகளுக்கு எங்கே போவது?

வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். காலையில் வேன் பதினோரு வீட்டு வாசலில் நிற்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை ஏற்றிவிட வருகிற அம்மாமார்களின் இடுப்பில் எப்படியும் ஒரு சின்னது இருக்கும். ஒரு வாரம் அவள் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து போனாள். வேன் நின்றதும் இறங்கி, விஷயத்தைச் சொல்லி, இடுப்பில் இருக்கிற தலைக்கு அளவெடுப்பாள். முதல் நாள் எல்லாரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரிகளும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். ஒரு தாத்தா தன் தலையையும் நீட்டினார். "உங்களுக்குத் தேவைப்படாது, நல்லா இருங்க" என்று அனுப்பினாள். வேனுக்குள் இருந்த பெரிய பிள்ளைகள் அளவுகளை உரக்கச் சொல்லிச் சொல்லி நோட்டில் எழுதினார்கள். வேன் தினமும் பத்து நிமிஷம் தாமதம். பள்ளிக்கூடத்தில் காரணம் கேட்டதற்கு, "தலை எண்ணிட்டு வந்தோம் சார்" என்று ஒரு பெண் பிள்ளை சொன்னதாம்.

நாற்பத்தேழு தலை. அதிலிருந்து ஒன்பது அளவுகள். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிற நாடா. நாலாவது மாடியில் ஒரு இழுப்பறையைக் காலி செய்து கொடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் அவள் மேலே போய்வர வேண்டும் என்று எழுத்திலேயே உத்தரவு வந்தது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பட்டாணிக்கு நடந்தது நடக்கவில்லை. நீல நாடாக் குல்லா கச்சிதமாகப் பொருந்திய ஒரு பையனுக்கு, குல்லாவும் மாஸ்க்கும் மிஷினும் சரியாக வேலை செய்தும், திரும்பக் குழாய் விட வேண்டியிருந்தது. அவன் கடைசிவரை வீட்டுக்குப் போகவில்லை. அன்றைக்கு அவள் கீழே வந்து ஒரு போர்வையை மூன்று தடவை தப்பாக மடித்து அடித்தாள். சலவைக்காரர் அதைப் பிரித்துக் கொடுத்தார். மறுநாள் காலையில் சின்ன சிஸ்டர் போன் செய்து, "அக்கா, ஒரு பாப்பா வந்திருக்கு, மஞ்ச நாடா லூசா இருக்கு, வர்றீங்களா?" என்றதும் எழுந்து போனாள். தன்னைக் கூப்பிட ஆள் இருக்கிறதே என்று படியேறும்போது மனசுக்குள் யாருக்கோ நன்றி சொன்னாள். யாருக்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பட்டாணிக்கோ, அந்தத் தட்டைத் தலைக்கோ இருக்கலாம்.

ஆறு மாதம் கழித்துப் பட்டாணியைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு வந்த அம்மா, வழி கேட்டுக் கேட்டுக் கீழ்த்தளத்துக்கும் வந்துவிட்டாள். கையில் பேக்கரி ரொட்டி ஒரு பை. இதற்குள் பட்டாணி திரும்பவும் பட்டாணியாகியிருந்தது. சலவை மிஷின் சத்தத்துக்குக் கொஞ்ச நேரம் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. பிறகு துணிவண்டிகளுக்கு நடுவே ஓட ஆரம்பித்தது.

"என்ன சொல்றதுன்னே தெரியலக்கா" என்று அம்மா தொடங்கினாள். "அன்னிக்கு நீங்க மட்டும் வரலன்னா..."

"நானும் அதைத்தாம்மா சொல்லணும். அன்னிக்கு நீங்க மட்டும் வரலன்னா நான் இன்னும் ஓட்டை அடைச்சுக்கிட்டு இருப்பேன்."

அம்மாவுக்கு அது புரியவில்லை, விளக்கவும் நேரமில்லை. பட்டாணி மூன்றாவது சுற்று வந்துகொண்டிருந்தது, முகமெல்லாம் சிவந்து, வாயைத் திறந்துகொண்டு, நெஞ்சு ஏறி இறங்க.

"ஏய், நில்லுடி" என்று அம்மா பாய்ந்தாள். "மூச்சு வாங்குது பாரு."

"விடும்மா" என்றாள் டேப் அக்கா. "வாங்கட்டும். நல்லா வாங்கட்டும்."

அம்மா நின்றுவிட்டாள். பட்டாணி நாலாவது சுற்றுக்குக் கிளம்பியது. சலவைக்காரர் வழியில் கிடந்த வண்டியை ஓரமாக இழுத்துவிட்டார்.